பின்வாசலை வாடகைக்கு விட்ட பெருச்சாளி

புங்கனேரிக் கரையில் பெருச்சாளி பொன்னரங்கத்தைத் தெரியாத பிராணி கிடையாது. வளை தோண்டுவதில் அவனை மிஞ்ச ஆளே இல்லை. மற்றவர்கள் மூன்று நாள் தோண்டுவதை அவன் ஒரே காலையில் தோண்டி முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவான். மண்ணையும் கல்லையும் வைத்து அவன் ஒரு துவாரத்தை அடைத்தால், இன்னொருவனால் அதைப் பிரிக்க முடியாது. இதை நாம் சொல்லவே வேண்டாம், அவனே போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லுவான்.

"பொன்னரங்கம் தோண்டினா தோண்டினதுதான்! அடைச்சா அடைச்சதுதான்!"

ஏரிக்கரையில் அவனுக்கு ஒரு பெரிய வளை இருந்தது. வாசல் ஏரியைப் பார்த்திருக்கும். உள்ளே நீளமாக ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் அறைகள். நடையின் கோடியில், கதகதப்பான கடைசி அறையில், அவனும் மனைவி செங்கமலமும் குடியிருந்தார்கள். மற்ற அறைகளை எல்லாம் வாடகைக்கு விட்டிருந்தான். முதல் அறையில் முயல் மரகதம், தன் மூன்று குட்டிகளோடு. அடுத்த அறையில் புதிதாகக் கல்யாணமான சுண்டெலி ஜோடி. அதற்கடுத்த அறையில் கல்யாணம் ஆகாத நான்கு தேரைகள். முயலும் எலிகளும் வாடகையாகக் கிழங்கும் கடலையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தேரைகள் வளைக்குள் ஒரு கொசு விடாமல் பிடித்துவிடுவார்கள், அதுவே அவர்கள் வாடகை.

அந்த வருஷம்தான் காட்டுச் சபை புதிதாக ஒரு விதி கொண்டுவந்தது. சும்மா கொண்டுவரவில்லை. போன ஐப்பசியில் பக்கத்து ஏரிக்கரையில் ஒருவன் ஒற்றை வாசல் வளைக்குள் ஒன்பது குடும்பங்களை அடைத்து வைத்திருந்தான். மழை கொட்டியது, வாசல் சரிந்தது, தண்ணீர் உள்ளே போனது. வெளியே ஒருவர்கூட வரவில்லை! பாவம், குஞ்சு குட்டியோடு எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகுதான் சபை விழித்துக்கொண்டது.

விதி இதுதான். மூன்று குடும்பமோ அதற்கு மேலோ ஒரே வளையில் குடியிருந்தால், வளைக்காரர் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் வளைக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் குடியிருப்பவர் தாராளமாகத் திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும். பின்வாசலுக்குப் போகும் வழியில் ஒருவரும் குடியிருக்கக் கூடாது, ஒரு சாமானும் வைக்கக் கூடாது.

கேட்டதும் பொன்னரங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என் மண்ணு, என் வளை, என் பல்லு! இதுக்கு நடுவுல லைசென்ஸ் கேக்க இவங்க யாரு?"

"கத்தாதீங்க, வயித்துல இருக்கிற புள்ளைங்க பயப்படும்," என்றாள் செங்கமலம். அவள் அப்போது நிறைமாதக்காரி.

சோதனை போட வருவது ஆமை அரியநாயகம். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பியவர் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், அறை அறையாக நுழைந்து தன் ஓட்டோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

பொன்னரங்கம் பின்னாலேயே போனான். வாய் சும்மா இருக்குமா?

"தன் வீட்டைத் தானே முதுகுல தூக்கிக்கிட்டுத் திரியறவருக்கு அடுத்தவன் வீட்டைப் பத்தி என்னங்கய்யா தெரியும்?"

ஆமைக்குக் கோபமே வரவில்லை. "என் வீட்டுக்கு முன்னால ஒரு வாசல் இருக்கு, தலை போக. பின்னால ஒரு வாசல் இருக்கு, வால் போக. இத்தனூண்டு வீட்டுக்கே ரெண்டு வாசல். உங்க அரண்மனைக்கு ஒன்னுதானே இருக்கு, பொன்னரங்கம்?"

தேரைகள் நான்கும் குபீரென்று சிரித்துவிட்டன. பொன்னரங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு மத்தியானம் வந்து பாருங்க! இன்னொரு வாசல் இருக்கும்!"

"நான் போயிட்டு வந்தா அடுத்த வாரம் ஆயிடும். இங்கேயே இருக்கேன்," என்று ஆமை ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் பொன்னரங்கம் தன் வேலையைக் காட்டினான். தன் அறைக்குப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தோண்டி, கரையைத் தாண்டி, மேட்டில் இருந்த புங்கமரத்தடியில் போய் மூக்கை நீட்டினான். அருமையான வழி! ஒருவர் பின் ஒருவராக ஓட அளவான அகலம். ஆமையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆனால் அதோடு விடவில்லை. குடியிருந்தவர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். "ஒவ்வொருத்தரும் ஒருவாட்டி இந்த வழியா நடந்து வெளியே போங்க. கண்ணை மூடிக்கிட்டு நடங்க. ஆபத்து வந்தா வெளிச்சம் இருக்காது." மரகதமும் குட்டிகளும் போனார்கள். சுண்டெலிகள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேரைகள் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தன.

அதற்கப்புறம்தான் ஆமை முன்வாசல் சுவரின் ஈரக் களிமண்ணில் தன் வலது கால் தடத்தைப் பதித்தார். அதுதான் லைசென்ஸ். பொன்னரங்கத்துக்கு வாயெல்லாம் பல். கரையில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த முத்திரையைக் காட்டினான்.

இரண்டு வாரம் நல்லபடியாகத்தான் போயிற்று. செங்கமலம் ஏழு குஞ்சுகள் போட்டாள். கண் திறக்காத, ரோஜா நிறக் குஞ்சுகள். பொன்னரங்கம் அவற்றை முகர்ந்து முகர்ந்து பார்த்துப் பூரித்துப் போனான்.

அப்போதுதான் முள்ளம்பன்றி வீரபாகு வந்து சேர்ந்தான். மழைக்காலம் வருகிறது, தங்க இடமில்லை, ஒண்டிக்கட்டை, ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டான். வாடகையாக வாரம் ஒரு குவியல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு!

"அறை எல்லாம் நிறைஞ்சு போச்சேப்பா," என்றான் பொன்னரங்கம். சொல்லும்போதே அவன் கண் பின்வாசல் வழிப் பக்கம் போயிற்று. ஒரு ஈ காக்காய்கூட நடக்கவில்லை. என்ன அருமையான இடம், தண்டமாகக் கிடக்கிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

"கொஞ்சம் ஒடுக்கமா ஒரு இடம் இருக்கு. இருந்துக்குவியா?"

"மழைக்கு ஒதுங்க இடம் கிடைச்சா போதும், ஓனரய்யா."

செங்கமலம் பதறிப்போனாள். "அது வழிங்க, அறை இல்ல! அரியநாயகம் அய்யா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரே!"

"அவர் திரும்பி வர்றதுக்குள்ள தை பொறந்துடும். முத்திரை வாசல்ல ஜம்முனு இருக்கு. யார் கேக்கப் போறாங்க?"

வீரபாகு குடிவந்தான். கிழங்குகளை மேல்பக்கம் அடுக்கிவிட்டு, முகத்தை மேலேயும் முதுகை உள்ளேயும் வைத்துப் படுத்துக்கொண்டான். முள்ளம்பன்றிகள் அப்படித்தான், யார் வரக்கூடுமோ அந்தப் பக்கம் முள்ளைக் காட்டித்தான் தூங்கும். அந்த ஒடுக்கத்தில் அவனால் திரும்ப முடியாது. வெளியே போகவேண்டுமென்றால் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து நடையில் இறங்கி, முன்வாசல் வழியாகப் போவான்.

இரண்டு நாளில் ஒரு புகார் சொன்னான். "மேல துவாரம் வழியா ஜில்லுனு காத்து வருது, ஓனரய்யா. சளி பிடிச்சிடும்போல இருக்கு."

"அவ்வளவுதானே!" என்றான் பொன்னரங்கம். புங்கமரத்தடிக்குப் போனான். கூழாங்கற்களை உருட்டி வந்தான். அடுக்கி, நடுவில் ஒரு தட்டைக் கல்லை முட்டுக் கொடுத்து, களிமண்ணைக் குழைத்துப் பூசி மிதித்தான். அந்தத் தட்டைக் கல் அசையாதவரைக்கும் மற்றவை அசையாது. அதுதான் அவன் கைவேலை. துளிக் காற்று வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் மரகதம் விடுவிடுவென்று வந்தாள். காது இரண்டும் விறைத்து நின்றன.

"ஓனரய்யா, அது நாங்க உசுரு தப்பிக்கிற வழி! அதை அடைச்சிட்டீங்களே!"

"உனக்குத்தான் முன்வாசல் பக்கத்துலேயே அறை கொடுத்திருக்கேனே! என் புள்ளைங்க கடைசி அறையில இருக்கு. எனக்கு இல்லாத பயமா உனக்கு? இஷ்டம் இருந்தா இரு. இல்லைன்னா வேற வளை பார்த்துக்க!"

மரகதம் குட்டிகளைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். மேகம் கருத்துக் கிடந்தது. இந்த நேரத்தில் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? திரும்பிப் போய்விட்டாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு வா என்று தேரைகளில் ஒருவனை மட்டும் ரகசியமாக ஆமையிடம் அனுப்பினாள். தேரை சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். ஆமையும் கேட்ட உடனே கிளம்பிவிட்டார். ஆனால் ஆமை கிளம்பினால் எப்போது வந்து சேருவார் என்பதுதான் உங்களுக்கே தெரியுமே.

அவருக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் நடுப்பகலில், எல்லோரும் உள்ளே ஒடுங்கிக் கிடந்தபோது, தடதடவென்று ஒரு சத்தம். மரகதம் எட்டிப் பார்த்தாள். ஏரிப் பக்கத்துக் கரை அப்படியே சரிந்து, முன்வாசல் மண்ணால் மூடிப்போயிருந்தது. மண்ணைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஆமையின் முத்திரை, சுவரோடு சேர்ந்து ஏரிக்குள் போயேபோயிற்று.

"ஓடுங்க! பின்வாசலுக்கு ஓடுங்க!" என்று கத்தினாள் மரகதம்.

கும்மிருட்டு. ஆனாலும் எவரும் தடுமாறவில்லை. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடந்த வழி காலுக்கு ஞாபகம் இருந்தது. செங்கமலத்தின் ஏழு குஞ்சுகளையும் ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டார்கள். சுண்டெலிகள் ஒன்றை இழுத்தார்கள், மரகதம் இரண்டைக் கவ்வினாள், தேரைகள் முதுகில் ஏற்றிக்கொண்டன. மொத்தப் பேரும் மேல்வழியில் நுழைந்தார்கள்.

"ஐயோ!"

முன்னால் போன சுண்டெலியின் மூக்கில் முள் குத்திவிட்டது. வழி முழுக்க வீரபாகு! பயத்தில் அவன் முள் அத்தனையும் சிலிர்த்து, வழியை மேலும் கீழும் அடைத்துக்கொண்டு நின்றது.

"வீரபாகு, மேல தோண்டு! அடைப்பைத் தள்ளு!" என்று பின்னாலிருந்து கத்தினான் பொன்னரங்கம்.

"தோண்டறேன் ஓனரய்யா! அசைய மாட்டேங்குது!"

"நடுவுல ஒரு தட்டைக் கல் இருக்கும், அதை உருவு!"

"இந்த இருட்டுல தட்டைக் கல்லு எது, உருண்டைக் கல்லு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாமே களிமண்ணா வழுக்குது!"

"அப்போ நீ பின்னால வந்து வழி விடு!"

"பின்னால வந்தா இத்தனை பேரையும் குத்திடுவேனே! திரும்பவும் இடமில்லையே!" வீரபாகு அழுதே விட்டான்.

தண்ணீர் கடைசித் தேரையின் வயிற்றைத் தொட்டது. தேரைக்கு நீச்சல் தெரியும், கண் திறக்காத குஞ்சுக்குத் தெரியுமா? அது முதுகில் கீச் கீச் என்று கத்தியது. அந்தச் சத்தம் பொன்னரங்கத்தின் காதில் விழுந்தது. தான் அடைத்த அடைப்பை இன்னொருவனால் பிரிக்க முடியாதென்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் அல்லவா? இன்றைக்குத்தான் அது எவ்வளவு உண்மை என்று புரிந்தது. அதைப் பிரிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"எல்லாரும் ஓரமா ஒதுங்குங்க," என்றான்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் செங்கமலம்.

"அடைச்சவன்தான் பிரிக்கணும்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு வீரபாகுவின் முள்ளுக்குள் தலையைக் கொடுத்தான். வீரபாகு மூச்சைப் பிடித்து, முள்ளை எவ்வளவு அமுக்க முடியுமோ அவ்வளவு அமுக்கிக்கொண்டான். ஆனால் உடம்பு நடுங்கினால் முள் எழும்பத்தானே செய்யும்! ஒவ்வொரு சாணுக்கும் ஒரு முள் ஏறியது. தோளில், விலாவில், தொடையில். பொன்னரங்கம் "அம்மா" என்றான், "ஐயோ" என்றான், ஆனால் நிற்கவில்லை. வீரபாகுவின் தலையைத் தாண்டினான். கிழங்குக் குவியலைத் தாண்டினான். கையால் தடவினான். உருண்டைக் கல், உருண்டைக் கல், இதோ தட்டைக் கல்! பல்லால் கவ்வி ஒரே இழுப்பு!

கடகடவென்று அடைப்பு சரிந்தது. வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. பொன்னரங்கம் வெளியே பாய்ந்து, கிழங்குகளை இழுத்து எறிந்தான், வீரபாகு அவன் பின்னாலேயே முண்டியடித்து ஏறினான், அவனுக்குப் பின்னால் முயலும் எலிகளும் தேரைகளும் செங்கமலமும் புங்கமரத்தடியில் வந்து பொத் பொத்தென்று விழுந்தார்கள்.

அங்கே ஆமை அரியநாயகம் வந்துகொண்டிருந்தார். இரண்டு நாள் மழையில் நடந்து, ஓடெல்லாம் சேறு. அவர் யாரையும் திட்டவில்லை. முதலில் தலைகளை எண்ணினார். மரகதமும் மூன்று குட்டிகளும். எலிகள் இரண்டு. தேரைகள் மூன்று. வீரபாகு. செங்கமலம். பொன்னரங்கம். குஞ்சுகள் ஆறு.

"ஆறுதானா?" என்றார்.

செங்கமலம் குஞ்சுகளை மறுபடி எண்ணினாள். பொன்னரங்கம் உடம்பெல்லாம் முள்ளோடு துவாரத்தை நோக்கிப் பாய்ந்தான். அதே நேரம் உள்ளிருந்து நான்காவது தேரை தத்தி வெளியே வந்தது. முதுகில் ஏழாவது குஞ்சு, முழுக்க நனைந்து, ஆனால் உசிரோடு கத்திக்கொண்டிருந்தது!

பொன்னரங்கம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வெட்கப்படவில்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை.

"அய்யா, என் புள்ளைங்களை நானே கொல்லப் பார்த்தேன். லைசென்ஸைப் பறிச்சிடுங்க!"

"அதைத்தான் ஏரி எடுத்துக்கிட்டுப் போயிடுச்சே," என்றார் ஆமை. "ஒரு வருஷத்துக்கு நீங்க யாருக்கும் வளை வாடகைக்கு விடக்கூடாது. இவங்க எல்லாருக்கும் மேட்டுல ஆளுக்கொரு வளை தோண்டிக் கொடுத்துடணும். வாடகை கிடையாது."

"தோண்டறேன்யா!"

மரகதம் பல்லால் அவன் உடம்பிலிருந்து முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தாள். மொத்தம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவன் ஊளையிட்டான்.

"அன்னைக்கு நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், மரகதம்..."

"பேசாம இருங்க ஓனரய்யா, இன்னும் பதினெட்டு பாக்கி!" என்று அடுத்ததைப் பிடுங்கினாள். கொஞ்சம் பலமாகவே பிடுங்கினாள் என்று தேரைகள் பின்னால் பேசிக்கொண்டன.

பொன்னரங்கம் சொன்னபடி செய்தான். காயம் ஆறுவதற்குள்ளேயே தன்னுடையதையும் சேர்த்து ஐந்து வளை தோண்டினான், ஒவ்வொன்றிலும் முதலில் தோண்டியது பின்வாசல்தான். ஒரு வருஷம் கழித்து மேட்டில் பெரிய வளை ஒன்று தோண்டினான். சோதனைக்கு வரச்சொல்லி, யாரும் கேட்காமல் அவனே ஆமைக்கு ஆள் அனுப்பினான். வீரபாகுவுக்கு நன்றாகத் திரும்பிப் படுக்கிற மாதிரி அகலமாக ஒரு அறை. மரகதம் குடிவர வந்தபோது அறையைப் பார்க்கவில்லை, கடலையைப் பற்றிப் பேசவில்லை, நேரே பின்வாசல் வழியில் நுழைந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் "சரி" என்றாள்.

அந்தச் சமயம் ஒரு கீரி வந்து, பின்வாசல் வழி சும்மாதானே கிடக்கிறது, இரண்டு குவியல் கிழங்கு தருகிறேன், எனக்கு விடுகிறாயா என்று கேட்டான்.

"அது சும்மா கிடக்கலைப்பா," என்றான் பொன்னரங்கம். "என் ஏழு புள்ளைங்களும் அதாலதான் நடமாடிக்கிட்டிருக்கு. போயிட்டு வா!"

பிறர் உயிரைக் காக்க வைத்த விதியை ஏய்க்கிறவன், முதலில் தன் பிள்ளைகளின் வழியைத்தான் அடைக்கிறான்.